நங்கூரத்தில் நிற்கும் படகில் மழைநீர் பிடிக்கும் துணி: தைத்ததும் கட்டியதும்

இரண்டாவதாகத் தைத்த துணிதான் சரியாக அமைந்தது. 25 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 100 லிட்டர் தொட்டிக்குள் போகிறது. கட்டி முடிக்க ஐந்து நிமிடம், அவிழ்த்து இறக்க அரை நிமிடம். மழைநீர்ப் பேச்சு வந்தாலே படகுக்காரர்கள் எத்தனை லிட்டர் கிடைத்தது என்று கேட்பார்கள். எவ்வளவு சீக்கிரம் இறக்கலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விடியற்காலை மூன்று மணி இருட்டில், வயது அறுபதைத் தாண்டிய இருவரால் இறக்க முடியாத துணியை யாரும் துணிந்து கட்டமாட்டார்கள். அது லாக்கருக்குள்ளேயே கிடக்கும். கீழே எழுதியிருக்கும் அளவு, முடிச்சு, துணியின் எடை எல்லாமே இந்த ஒன்றை வைத்து முடிவு செய்தவை.

படகு 37 அடி நீளப் பாய்மரப் படகு. நிற்பது மலேசியாவின் லங்காவித் தீவில்: சில நாள் குவா நகரத்துக்கு முன்னால், சில நாள் தெலாகா துறைமுகப் பக்கம், சில நாள் தாயாங் புந்திங் தீவின் மறைவில். ஸ்டெயின்லெஸ் தொட்டிகள் இரண்டு, தலா 200 லிட்டர். பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டு முழுக்கப் படகிலேயே குடியிருக்கும் இருவருக்கு ஒரு நாள் செலவு 28 லிட்டர்: குடிக்க, சமைக்க 8, பாத்திரம் கழுவ 5, குளிக்க 12, மற்றதற்கு 3. பாத்திரத்தை முதலில் கடல்நீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தால்தான் அந்த 5 லிட்டர் கணக்கு நிற்கும். அதுவும் நீர் தெளிந்த இடத்தில் மட்டும்; குவா முன்னால் நிற்கும்போது கடல்நீரில் பாத்திரம் கழுவ வேண்டாம்.

இரண்டு தொட்டியும் நிறைந்திருந்தால் இரண்டு வாரம் ஓடும். காலியானதும் ஜெட்டி குழாயிலிருந்து 20 லிட்டர் கேன்களில் பிடித்து டிங்கி எனும் சிறு படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். 400 லிட்டருக்கு 20 கேன். ஒவ்வொன்றும் 20 கிலோ. ஆடிக்கொண்டிருக்கும் டிங்கியில் நின்றபடி அதை ஏறத்தாழ 1.2 மீட்டர் உயர டெக்குக்குத் தூக்க வேண்டும். முதுகு போவது அங்கேதான். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி வாங்கலாம், விலை பல ஆயிரம் டாலர். துறைமுகத்துக்குள் கலங்கிய நீர் அதன் முன்வடிகட்டிகளை அடைத்துவிடும். எண்ணெய் படர்ந்த நீர் உள்ளே போனால் உப்பைப் பிரிக்கும் மெம்பிரேனே கெட்டுவிடும். லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை வறட்சி. ஏப்ரலில் மழை தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போகிறது. அந்த மாதங்களில் தலைக்கு மேல் கொட்டும் தண்ணீரை விட்டுவிட்டு கேன் சுமப்பது தேவையில்லாத வேலை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். காற்றில் தெறித்து வீணாவது, முதலில் கழுவிக் கொட்டுவது இரண்டையும் சேர்த்து 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். 5.7 சதுர மீட்டர் துணியில் 25 மி.மீ. பெய்தால் 143 லிட்டர் விழும், கையில் 100 நிற்கும். இருவருக்கு மூன்றரை நாள் தண்ணீர்.

முதல் துணி ஏன் வேலைக்கு ஆகவில்லை

முதலில் கட்டியது நீல நிற பாலிஎத்திலீன் தார்ப்பாய், 3.6 மீட்டருக்கு 2.4 மீட்டர். பூமுக்கு (மெயின் பாயின் அடி ஓரத்தைத் தாங்கும் கிடைக்கம்பு) கீழே, காக்பிட்டுக்கு (படகை ஓட்ட உட்காரும் பள்ளம்) முன்னால், எட்டு இடத்தில் கட்டு, பித்தளைக் கண்வளையம், இழுபடும் ரப்பர் கயிறு. வடிகாலுக்கு 12 மி.மீ. தோட்டக் குழாய். பரப்பு 8.6 சதுர மீட்டர் என்பதால் காகிதத்தில் நிறையத் தண்ணீர் தெரிந்தது. நடைமுறையில் நான்கு கோளாறு.

குழாய் போதவில்லை. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழையில் அந்தத் துணியில் நிமிடத்துக்கு 14 லிட்டர் சேர்கிறது. 12 மி.மீ. குழாய், முக்கால் அடி உயர வித்தியாசத்தில், காற்றுக் குமிழி இல்லாமல் ஓடினால்கூட 5 லிட்டருக்கு மேல் விடாது. மிச்சம் துணியில் தேங்கும். பத்து லிட்டர் தேங்கினால் பத்து கிலோ. அந்தப் பத்து கிலோ துணியைக் கீழே இழுக்க, குழி பெரிதாகி இன்னும் தேங்கும். குழி வடிகால் வாயைவிடத் தாழ்ந்த பிறகு தண்ணீர் குழாய்க்குப் போகவே போகாது. கடைசியில் கண்வளையங்கள் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாவது, பூமுக்குக் கீழே கட்டியது. சுருட்டி வைத்த மெயின் பாய், அதன் உறை, பூம் மூன்றிலும் படிந்த உப்பு, கரும்பூஞ்சை, பறவை எச்சம் எல்லாம் கரைந்து துணிமேல் சொட்டும். லங்காவியில் செம்பருந்துகள் பாய்மர உச்சியில் உட்காரும். அவற்றின் எச்சம் நேராகப் பாய் உறைமேல்தான் விழும். ஒரே மழையில் அளந்தபோது, திறந்த வாளியில் விழுந்த நீரில் கரைந்திருந்தது 12 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12 பங்கு), பூம் வழியாகச் சொட்டியதில் 180 பிபிஎம். உப்பு அளவாக 180 ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதில் கரைந்திருப்பது எச்சம் என்றால் குடிப்பதற்கில்லை.

மூன்றாவது, ரப்பர் கயிறு. காற்று வீச்சில் அது நீளும், துணி படபடக்கும், படபடப்பில் தையலும் வளையமும் தேயும். கொக்கி நழுவினால் முகத்தை நோக்கிப் பாயும். மழைத்துணியில் ரப்பர் கயிறு கூடவே கூடாது.

நான்காவது, முடிச்சுகளின் எண்ணிக்கை. நனைந்து இறுகிய முடிச்சுகள் எட்டையும் அவிழ்க்க ஆகும் நேரத்தில் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு அடுத்த படகின் மேல் போய்விடும்.

இடமும் சாய்வும்

புதிய துணிக்கு முன் டெக்கைத் தேர்ந்தோம். பாய்மரத்துக்கு முன்னால் மேலே பூம் இல்லை, ஒழுகுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் நங்கூரத்தை ஏற்றி இறக்கும் விண்ட்லாஸும் நங்கூரச் சங்கிலியும் அங்கேதான். காற்று வலுத்துச் சங்கிலி இன்னும் விட வேண்டி வந்தால், துணிக்குக் கீழே தவழ்ந்து போகும் நிலை வரக்கூடாது. ஆகவே படகின் முன் நுனியான அணியத்திலிருந்து 1.2 மீட்டர் முழுவதும் காலி. அதற்குப் பின்னால், பாய்மரம்வரை எஞ்சிய இடத்துக்கு 2.8 மீட்டர் நீளத் துணி. முன் ஓரம் 1.5 மீட்டர், பின் ஓரம் 2.6 மீட்டர் என்று சரிவகமாக வெட்டினால் டெக்கின் வடிவத்தோடு பொருந்துகிறது. பரப்பு 5.7 சதுர மீட்டர்.

நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றை நோக்கி மூக்கைத் திருப்பி நிற்கும். துணியின் முன் ஓரம் உயர்ந்திருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். முன் ஓரத்தைத் தாழ்த்திப் பின் ஓரத்தை உயர்த்தினால் காற்று துணியைக் கீழ்நோக்கி அழுத்தும், படபடப்பு அடங்கும். முன் மூலைகள் டெக்கிலிருந்து 60 செ.மீ., அதாவது ஓரக் கம்பியின் உயரம். பின் மூலைகள் 1.6 மீட்டரில், ஷ்ரவுட் எனும் பக்கவாட்டுக் கம்பிகளில். இந்தச் சாய்வில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய மழைத்துளி விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 20 நாட் காற்று என்பது விநாடிக்கு 10 மீட்டர். அப்படியானால் மழை செங்குத்தாக வருவதில்லை, முன்னாலிருந்து 45 டிகிரிக்கும் மேல் சாய்ந்து வருகிறது. பின்னால் உயர்ந்த துணி அந்த மழையை நேருக்கு நேர் வாங்குகிறது. தட்டையாகக் கட்டினால் இதைவிடக் குறைவாகவே பிடிபடும்.

ஒரு விதிவிலக்கு: குவா பக்கம் நீரோட்டம் வலுவாக இருக்கும்போது படகு காற்றைப் பார்க்காமல் ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். காற்று பின்னாலிருந்து வந்தால் இந்தத் துணி தூக்கப்படும். அந்த நேரத்தில் கட்டக்கூடாது. கொடியை ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்றின் அழுத்தத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. செங்குத்தாக நிற்கும் ஒரு சதுர மீட்டரில் 20 நாட் காற்று ஆறரை கிலோ, 30 நாட் பதினாலரை கிலோ, 40 நாட் 26 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. சாய்வான துணியில் முழு அழுத்தம் விழாது. ஆனாலும் கட்டு நழுவித் துணி காற்றுக்குக் குறுக்கே நின்றுவிட்டால் 40 நாட்டில் 150 கிலோவுக்கு அருகில் இழுக்கும். நங்கூரத்துக்கும் அது கூடுதல் சுமை. 25 நாட்டைத் தாண்டினால் இறக்கிவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

துணியும் தையலும்

நிழலுக்குப் போடும் அக்ரிலிக் துணி மழைக்கு ஆகாது. நெசவின் மேல் தடவிய ரசாயனம்தான் அதில் நீரைத் தடுக்கிறது. தேங்கினால் கசியும், குடிநீர் அந்த ரசாயனத்தின் மேல் ஓடுவதும் நல்லதல்ல. மலிவான நீலத் தார்ப்பாய் வெயிலில் சில மாதத்தில் பொடியாக உதிரும், உதிர்ந்த துணுக்கு வடிகட்டியில் வந்து நிற்கும். எடுத்தது பிவிசி பூசிய பாலியெஸ்டர், சதுர மீட்டருக்கு 450 கிராம், வெள்ளை நிறம், குடிநீர்த் தொட்டி உறைக்கு விற்கும் ரகம். கயிறு, ஒட்டுத்துணி எல்லாம் சேர்த்து மூன்றரை கிலோ. ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம். 650 கிராம் துணியும் கடையில் இருந்தது. உறுதி அதிகம், ஆனால் நனைந்தபின் சுருட்ட இரண்டு பேர் வேண்டும்.

துணிச்சுருளின் அகலம் 1.5 மீட்டர். நீளவாக்கில் இரண்டு துண்டு வைத்தால் இணைப்புத் தையல் நடுவில், தண்ணீர் ஓடும் தாழ்வான கோட்டிலேயே வந்து விழும். குறுக்குவாக்கில் வைத்தால் தையல் ஓட்டத்துக்குக் குறுக்கே அமையும். மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் 4 செ.மீ. ஏறி, ஓடு வேய்ந்தது போல நீரைத் தாண்டிவிடும். துணியும் மிச்சமாகிறது: பின் துண்டுக்கு 2.75 மீட்டர், முன் துண்டுக்கு 2.2 மீட்டர், மூலை ஒட்டுகளுக்கு ஒரு மீட்டர். 6 மீட்டர் வாங்கினால் போதும். இரண்டு அகலம் சேர்ந்து 3 மீட்டர். அதில் ஏறும் 4 செ.மீ., முன் பின் ஓர மடிப்புக்குத் தலா 8 செ.மீ. போனால் சரியாக 2.8.

பிவிசி துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும். ஊசிக்குப் பதில் இருபுறமும் ஒட்டும் 10 மி.மீ. டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தைக்க வேண்டும். மெஷின் பழைய இரும்புத் தையல் மெஷின், நேர்த்தையல் மட்டும். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல் வி-69, ஊசி 100/16. இதைவிடத் தடித்த நூலை வீட்டு மெஷினில் போட்டால் டென்ஷன் நிற்பதில்லை, அடியில் நூல் கண்ணி விழுகிறது. தையல் நீளம் 4 முதல் 5 மி.மீ. நெருக்கித் தைத்தால் உறுதி என்று தோன்றும், ஆனால் நெருக்கமான ஊசி ஓட்டைகள் வரிசையாக நின்று துணியை அந்தக் கோட்டிலேயே கிழிய விடும். இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே. இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசியும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மெஷினின் அழுத்துக்கால் பிவிசியில் ஒட்டிக்கொண்டு துணி நகராது. டெஃப்ளான் கால் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இரும்புக் காலின் அடியில் டெஃப்ளான் டேப் ஒரு துண்டு ஒட்டினால் சரியாகிவிடுகிறது. எண்ணெய் தடவக்கூடாது, குடிநீர்த் துணி.

ஓரம் முழுவதும் 25 மி.மீ. பாலியெஸ்டர் பட்டி. இழுவையைப் பட்டிதான் தாங்குகிறது, துணி தண்ணீரை மட்டும் தாங்குகிறது. நைலான் பட்டி விலை குறைவு, ஆனால் நனைந்தால் நீளும். நீண்டால் தொய்வு, தொய்வில் தேக்கம். மூலைகளில் கண்வளையம் அடிக்கவே இல்லை. 15 செ.மீ. ஒட்டுத்துணி இரண்டு அடுக்கு வைத்து, பட்டியையே மடக்கி வளையமாக்கி, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்தோம். அங்கே ஐந்து அடுக்கு சேர்வதால் மோட்டாரை விட்டுவிட்டு மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அதற்கும் ஊசி வளைந்தால், உள்ளங்கைக் காப்பு போட்டு மெழுகு நூலால் கையாலேயே தைத்துவிடலாம். பக்க ஓரங்களின் நடுவில் ஒரு வளையம் வீதம் இரண்டு. மொத்தம் ஆறு கட்டு.

வடிகால் வாய்

முழு வேலையில் அதிக நேரம் எடுத்தது இந்த ஒரு சாண் இடம். வாய் இருப்பது நடுக்கோட்டில், முன் ஓரத்திலிருந்து 70 செ.மீ. உள்ளே. முன் ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் படகு அலையில் முன்னும் பின்னும் ஆடும்போது தண்ணீர் ஓரத்தைத் தாண்டிச் சிந்துகிறது.

25 மி.மீ. பிளாஸ்டிக் ஸ்கின் ஃபிட்டிங் (நீர் போகப் படகின் உடலில் பதிக்கும் குழாய் வாய்), குழாய் மாட்டும் வாலோடு. துணிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என 20 செ.மீ. வட்ட ஒட்டுத்துணி. மரையை நேராகத் துணியில் இறுக்கினால் முறுக்கும்போது துணி சுருங்கி மடிப்பு விழும், மடிப்பில் நீர் நிற்கும். அதனால் கீழே ஒரு வளையம் வேண்டும்: வெள்ளைக் காய்கறிப் பலகையிலிருந்து வெட்டிய 4 மி.மீ. கனம், 8 செ.மீ. விட்டம். ஓட்டையைச் சூடான கம்பியால் பொசுக்கிப் போடக்கூடாது. பிவிசி எரிந்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை வரும். கூரான குழாய் வடிவத் துளைக்கருவியால் (பஞ்ச்) மரையின் விட்டத்தைவிட 2 மி.மீ. சிறிதாக வெட்டி, ஃபிட்டிங்கைத் திருகி நுழைத்தால் துணியே வாஷராகிவிடும், சீலண்ட் வேண்டாம். ஃபிட்டிங்கின் மேல் விளிம்பு துணியைவிட 3 மி.மீ. உயர்ந்து நின்றது. அதைச் சுற்றி எப்போதும் ஒரு வளையத் தேக்கம். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து சரிவாக்கிய பிறகுதான் கடைசிச் சொட்டும் இறங்கியது.

அடி ஒட்டில் குறுக்காக ஒரு பட்டி வளையம். அதிலிருந்து டெக்கில் பதித்த வளையத்துக்கு (பேட்ஐ) 6 மி.மீ. கயிறு. இந்தக் கயிறு துணியின் வயிற்றைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீருக்குத் தாழ்வான இடம் எது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. காற்று அடியில் புகுந்தாலும் துணி குடையாகக் கவிழாமல் தடுப்பதும் அதுவே. ஃபிட்டிங் டெக்கிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி கட்டியிருக்கிறோம்.

குழாய் உணவுத் தரம், வலைப்பின்னல் போட்டது, 25 மி.மீ., இரண்டரை மீட்டர். நடுவில் தொங்கி மேடேறக்கூடாது. தொங்கினால் மேட்டில் காற்று அடைத்து ஓட்டம் பாதியாகக் குறையும். டெக்கின்மேல் படுக்க வைத்தபடி நேராகத் தொட்டி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் மூன்றுவழி வால்வு ஒன்று: ஒரு பக்கம் கடலுக்கு, ஒரு பக்கம் தொட்டிக்கு. தொட்டி வாய்க்குள் குழாயை இறுக்கமாக நுழைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் காற்று வெளியேற இடமில்லாவிட்டால் தண்ணீர் களகளவென்று பொங்கி டெக்கில் கொட்டும். வாயில் 200 மைக்ரான் நைலான் வலைப்பை, பெயிண்ட் வடிகட்ட விற்பது, புதியது.

கட்டுவது, இறக்குவது

மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவத்தில் விடிவதற்கு முன் வரும் இடிமழையை இங்கே எல்லாரும் சுமத்ரா என்கிறார்கள். அது வரும் விதம் ஏறக்குறைய ஒரே மாதிரி. மேற்கே அடிவானத்தில் கரும்பட்டை, சட்டென்று குளிர்ந்த காற்று, 30 நாட்டுக்கு மேல் வீச்சு, அதனோடு கொட்டும் மழை. பத்து இருபது நிமிடத்தில் காற்று அடங்கும். பிறகு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நிதானமான மழை. நமக்கு வேண்டியது அந்தப் பின்பாதி மழைதான். முன்பாதி கம்பிகளையும் டெக்கையும் கழுவிக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே துணியை முன்கூட்டியே விரிப்பதில்லை. மாலையில் மேகம் கூடினால் துணியைக் குறுக்காகச் சுருட்டிப் பாய்மரத்துக்கு முன்னால் டெக்கில் கட்டி வைப்போம். பின் மூலைகளின் கயிறுகள் ஷ்ரவுட்டில் எப்போதும் இருக்கின்றன, 1.6 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி அடையாளம். காற்று தணிந்ததும் ஒருவர் பின் மூலை இரண்டையும் காரபைனர் கொக்கியில் மாட்டுகிறார், மற்றவர் சுருளைப் பிரித்து முன் மூலை இரண்டையும் ஓரக் கம்பித் தூணில் கட்டுகிறார். பிறகு பக்க நடுக்கட்டு இரண்டு, வயிற்றுக் கயிறு, குழாய்.

முன் மூலைகள், நடுக்கட்டுகள், வயிற்றுக் கயிறு ஐந்தும் உருவு முடிச்சு. வால் முனையை இழுத்தால் அவிழ வேண்டும். இருட்டில் கைக்குத் தெரிய ஒவ்வொரு வால் முனையிலும் ஒரு மரமணி. இறக்கும் வரிசை மாறக்கூடாது: முதலில் குழாய், அடுத்து வயிற்றுக் கயிறு, நடுக்கட்டு, கடைசியில் முன் மூலை. முன் மூலை அவிழ்ந்ததும் துணி பின்னால் பறந்து பாய்மரத்தில் மடங்கிக்கொள்ளும், அங்கேயே அணைத்துப் பிடித்துவிடலாம். பின் மூலையை முதலில் அவிழ்த்தால் முன் மூலைகளில் மாட்டியபடியே துணி காற்றில் பறந்து அடித்துக்கொள்ளும், பிடிப்பது கடினம்.

மின்னல் வெட்டுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ண முடியவில்லை என்றால் ஷ்ரவுட்டைத் தொட்டு நிற்கும் வேலை வேண்டாம். அந்த மழை போகட்டும்.

தண்ணீர் தொட்டிக்குள் போகும் முன்

துணி விரித்ததும் முதல் பத்து நிமிட நீர் கடலுக்கு. பிறகு ஒரு குவளை பிடித்து, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்ப்போம். 30க்குக் கீழே என்றால் வால்வைத் தொட்டிக்குத் திருப்பலாம். கடல்நீர் ஏறக்குறைய 35,000 பிபிஎம். ஒரு சதவீதம் கலந்தாலே 350 ஏறும். ஆக, மீட்டர் 100 காட்டினால் துணியில் இன்னும் உப்பு இருக்கிறது, கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. 12 என்று காட்டும் நீரிலும் பறவை எச்சம் இருக்கலாம்.

அதனால் குளோரின். வாசனை சேர்க்காத, வேறு எதுவும் கலக்காத 5.25 சதவீத பிளீச், 100 லிட்டருக்கு 5 மி.லி. அது சுமார் 2.6 பிபிஎம். அரை மணி நேரம் கழித்துச் சோதனைப் பட்டையில் 0.5 பிபிஎம் மிச்சம் தெரிந்தால் போதுமானது. தெரியாவிட்டால் இன்னொரு 5 மி.லி. பிளீச் வெப்பத்தில் வீரியம் இழக்கும். படகு லாக்கரின் சூட்டில் இன்னும் வேகமாக. சிறிய பாட்டிலாக வாங்கி மூன்று மாதத்தில் மாற்றுவது நல்லது. மழைநீரை ஒரு தொட்டியிலும் ஜெட்டி நீரை மற்றதிலும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும்.

தொட்டியைக் கழுவ வேண்டி வந்தால் அளவு வேறு: 200 லிட்டருக்கு 190 மி.லி. பிளீச், அதாவது 50 பிபிஎம், நான்கு மணி நேரம், பிறகு முழுவதும் இறைத்து இரண்டு தடவை அலசல். ஸ்டெயின்லெஸ் தொட்டியில் அந்த நீரை இரவு முழுக்க விட்டுவைக்கக்கூடாது, குளோரின் வெல்டிங் ஓரங்களை அரிக்கும்.

குடிக்கும் குழாய்க்கு மட்டும் 5 மைக்ரான் வடிகட்டி, அதன்பின் கார்பன். கார்பன் குளோரினை எடுத்துவிடும். ஆகவே தொட்டிக்கு முன்னால் வைத்தால் தொட்டியில் பாதுகாப்பு போய்விடும், பின்னால்தான் வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும், அடைக்காவிட்டாலும்.

புது பிவிசி துணியின் வாடை முதல் மழைகளில் தண்ணீரில் தெரியும். சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் விரித்து, முதல் இரண்டு மழையைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டால் போய்விடுகிறது. 2015, 2019 போலப் புகைமூட்டம் கவியும் ஆண்டுகளில் மழையில் கரி இறங்கும். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் பார்வைக்கே தெரியும். அப்போது குடிக்கப் பிடிப்பதில்லை.

குடிப்பதற்கு வேண்டாம் என்றால் டெக்கே பெரிய பிடிதுணி. ஓர வரம்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அணைகட்டினால் நீர் அங்கே தேங்கும். கால் மணி நேரம் நன்றாகக் கழுவிய பிறகும் அதில் டீசல், சன்ஸ்கிரீன், செருப்பு அழுக்கு எல்லாம் இருக்கும். கேனில் பிடித்துத் துணி துவைக்கவும் டெக் கழுவவும் மட்டும். மழைநீரில் சோப்பு நுரை அதிகம்.

மழை விட்டதும் துணியைக் கவிழ்த்து உதறி, உலர்ந்த பிறகே சுருட்ட வேண்டும். மடிப்பில் நீர் நின்றால் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு பறக்கும். டெங்கு உள்ள ஊர். ஈரமாகச் சுருட்ட வேண்டி வந்தால் மறுநாள் வெயிலில் விரிப்பது முதல் வேலை.

செலவும் மாற்ற வேண்டியதும்

துணி 168 ரிங்கிட், நூல் 35, பட்டி 36, டேப் 18, ஃபிட்டிங் 22, குழாய் 42, வால்வு 24, 6 மி.மீ. கயிறு 20 மீட்டருக்கு 70, காரபைனர் நான்கு 48, வலைப்பை 10, டிடிஎஸ் மீட்டர் 45. மொத்தம் 518 ரிங்கிட். மீட்டரையும் வால்வையும் தவிர்த்துச் செலவைக் குறைக்கலாம், ஆனால் எங்கள் கணிப்பில் குறைக்கக் கூடாத இரண்டும் அவைதான். காரபைனரில் இரண்டு மிச்சம் கிடக்கிறது. முன் மூலைக்கும் வாங்கியது, இழுவையில் இருக்கும்போது கையால் திறக்க முடியாததால் உருவு முடிச்சுக்கு மாறினோம்.

அடுத்த துணியில் வடிகாலை 32 மி.மீ. ஆக்குவோம். 25 மி.மீ. ஓட்டத்துக்குப் போதும், ஆனால் ஒரு இலையோ பூச்சியோ விழுந்தால் அடைக்கிறது. முன் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல்நோக்கி ஒரு மடிப்பு தைத்தால், படகு குத்தும்போது சிந்துவது நிற்கும். வெள்ளை நிறத்தில் அழுக்கு உடனே தெரிவது நல்லதுதான், ஆனால் நடுப்பகல் வெயிலில் விரித்துக் காயவைக்கும்போது கண் கூசுகிறது. வெளிர் சாம்பல் கிடைத்தால் எடுப்போம். நூல்தான் முதலில் போகும். வெயில் படும் மேல் வரிசைத் தையலை ஆண்டுக்கு ஒரு தடவை நகத்தால் கீறிப் பார்த்து, நூல் பொடியாக வந்தால் அதே ஓட்டைகளில் மறுபடி தைத்துவிட வேண்டும். புது ஓட்டை போடக்கூடாது.